அசையாத காற்றில் ஒரு பாய்

முகத்துவாரம் என்பது கொழும்பில் பலருக்கு ஒரு பஸ் தரிப்பின் பெயர். கொட்டாஞ்சேனையைத் தாண்டி வடக்கே போகும் பஸ்ஸில் கொண்டக்டர் அதைக் கூவும்போது, ஓர் ஆற்றின் வாயைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சிங்களத்தில் மோதர என்றாலும் அதே பொருள்தான். மலைநாட்டில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை, மட்டக்குளிக்கு அப்பால், காக்கைதீவின் ஓரமாகக் கடலில் விழுகிறது. நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அந்த ஆற்றுத் தண்ணீர். அப்படியிருந்தும், பாலத்தைக் கடக்கும்போது பஸ் யன்னலால் ஒரு நிமிடம் பார்ப்பதோடு எங்களுக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது.

நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவன். ஒழுங்கை முடிந்தால் ரயில் தண்டவாளம், தண்டவாளத்தைக் கடந்தால் கடல். காற்று எனக்குப் பழக்கம், ஆறு பழக்கமில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் வல்வெட்டித்துறையில் பிறந்து நாற்பது வருடமாகக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓர் அண்ணை. அவரிடம் பதினான்கு அடி நீளமான ஒரு சின்ன ஃபைபர் படகு இருக்கிறது. ஒற்றைப் பாய்மரம், எட்டுச் சதுர மீற்றர் பாய். "சும்மா குந்தியிருந்து பாக்கிறதெண்டா வராதை. கயிறும் சுக்கானும் உன்ரை கையிலைதான் இருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த ஒரு ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. மட்டக்குளிப் பாலத்துக்கு மேலே, ஆற்றின் தென்கரை. உயிர்காப்பு அங்கியைக் கட்டியதும் படகில் ஏறலாம் என்று நினைத்தேன். அதற்கு முன் ஆற்றை அளக்கச் சொன்னார் அண்ணை. கரையில் இரண்டு தென்னைகள், அவற்றுக்கிடையே ஐம்பது மீற்றர். ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று முதல் தென்னைக்கு நேரே வரும்போது கைபேசியில் நேரத்தை ஓடவிட்டேன். இரண்டாவது தென்னையை அது கடக்க அறுபது விநாடி எடுத்தது. ஆறு மணிக்கு மூன்று கிலோமீற்றர் போகிறது, ஆறுதலாக நடக்கும் மனிதனின் வேகம். மலையில் பின்னேர மழை தொடங்கிவிட்ட காலம் என்பதால் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

பிறகு காற்று. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காதிலும் காற்றின் இரைச்சல் சமமாகக் கேட்கும்வரை முகத்தைத் திருப்பச் சொன்னார். அப்படி நின்றபோது என் மூக்கு நேரே கடலைக் காட்டியது.

எங்கள் கடற்கரை மக்கள் காற்றைத் திசைவாரியாகப் பெயர் சொல்லி அழைப்பார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். (கச்சான் என்றதும் இன்று வறுத்த கடலைதான் நினைவுக்கு வருகிறது. காற்றின் பெயர் தொழில் செய்பவர்களின் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.) இவை பருவத்தோடு மாறுபவை. இவற்றின்மேல் நாளாந்தம் ஒரு காற்று ஏறிக்கொள்கிறது. முற்பகல் வெயிலில் தரை கடலைவிட வேகமாகச் சூடாகும். தரைக்கு மேலுள்ள காற்று சூடேறி எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பின்னேரத்தில் அது உச்சத்தில் இருக்கும். இரவில் தரை வேகமாகக் குளிர, விடியப்புறத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்குத் திரும்பிவிடும். விடிய முன்னம் தரைக்காற்றில் கடலுக்குப் போய், கடற்காற்றில் மீனோடு கரைக்குத் திரும்பிய மீனவரின் நாள் இந்தச் சுழற்சியில்தான் அமைந்திருந்தது.

களனியின் வாய் மேற்கே பார்த்திருக்கிறது. ஆகவே பின்னேரக் கடற்காற்று ஆற்றுக்குள் நுழைந்து நீரோட்டத்துக்கு எதிராக வீசும். படகோட்டிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. போகும்போது காற்று தள்ளும், வரும்போது ஆறு கொண்டுவந்து விடும். நைல் நதியில் எகிப்தியர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தது இதே ஏற்பாட்டில். அங்கே ஆறு வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. அவர்களுடைய சித்திர எழுத்தில் தெற்கே, அதாவது ஆற்றோட்டத்துக்கு எதிராகப் போவதைக் குறிக்கப் பாய் விரித்த படகை வரைந்தார்கள். வடக்கே போவதற்குப் பாய் இறக்கிய படகு.

பாயை ஏற்றினோம். பின்னாலிருந்து காற்று. பாயைப் படகுக்குக் குறுக்கே விரித்துவிட்டால் போதும், காற்று தள்ளுகிறது, படகு போகிறது. காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பைக்கும் இந்த வித்தை தெரியும். வத்தளைப் பக்கத்துக் கரை மெல்லப் பின்னே நகர்ந்தது. ஹமில்டன் கால்வாய் ஆற்றைச் சந்திப்பது அந்தக் கரையில்தான். பிரித்தானியர் 1802க்கும் 1804க்கும் இடையில் வெட்டியது அது. இந்த ஆற்றிலும் கால்வாய்களிலும் ஒருகாலத்தில் ஓலைக்கூரை போட்ட பொதிப்படகுகள் தோட்டத்து விளைச்சலைச் சுமந்து கொழும்புக்கு இறங்கின. 1895இல் விக்டோரியா பாலம் வரும்வரை, கண்டி வீதி இந்த ஆற்றைக் கடந்ததே வரிசையாகக் கட்டிய படகுகளின் மேல்தான்.

"இப்ப குறுக்கை திருப்பு" என்றார் அண்ணை. ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகவேண்டும், காற்று பக்கவாட்டில். அந்த இடத்தில்தான் படகு எனக்குப் புரியாத ஒன்றாக மாறியது. பாயின் கயிறு கையில் திடீரென்று உயிர்பெற்று இழுத்தது. பின்னாலிருந்து தள்ளப்பட்டபோது போனதைவிட வேகமாகப் படகு போனது.

பாயின் முன்னோரத்துக்கு அருகே, இரண்டு பக்கமும், விரல் நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் ஒட்டியிருந்தார் அண்ணை. கயிற்றை அளவோடு பிடித்தால் இரண்டு நூலும் பாயோடு ஒட்டி நேராகப் பின்னோக்கிக் கிடக்கின்றன. அளவுக்கு மிஞ்சி இழுத்தால் காற்று மறைந்த பக்கத்து நூல் துடித்துச் சுழல்கிறது. உடனே வேகம் செத்துவிடுகிறது. காற்றைத் தடுத்து நிறுத்துவதால் படகு ஓடுகிறது என்றால், கூட இழுக்கக் கூட வேகம் வரவேண்டும். வரவில்லை. பக்கக் காற்றில் பாயின் வேலை காற்றைத் தடுப்பதல்ல, வழுக்கிப் போகவிட்டுத் திசை திருப்புவது.

இதற்குப் பாடசாலையில் நாங்கள் படித்த ஒரு விளக்கம் உண்டு. விமான இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் கூட. கீழே போகும் காற்றோடு அது பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேரவேண்டும். ஆகவே வேகமாக ஓடுகிறது. பேர்ணூலி சொன்னபடி வேகம் கூட அழுத்தம் குறைகிறது. இந்த விளக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைக் காட்டித்தர ஒரு பாய் போதும். பாய் என்பது துணி. அதன் இரண்டு பக்கமும் நீளம் ஒன்றுதான். கூடுதல் தூரம் எங்கே? ஒன்றாகப் பிரிந்த காற்று ஒன்றாகச் சேரவேண்டும் என்று இயற்கையில் எந்த விதியும் இல்லை. உண்மையில் குறைந்த அழுத்தப் பக்கத்தால் போகும் காற்று முந்திப் போய்விடுகிறது. வேகம் கூடுவதும் அழுத்தம் குறைவதும் உண்மை. சொல்லப்பட்ட காரணம்தான் பிழை. வளைந்த பாய், வரும் காற்றை வேறு திசைக்குத் திருப்புகிறது. காற்றை ஒரு பக்கம் தள்ளினால் காற்று பாயை மறுபக்கம் தள்ளும். நியூற்றனின் மூன்றாம் விதி அது. எட்டுச் சதுர மீற்றர் பாயில், விநாடிக்கு ஐந்து மீற்றர் காற்றுக்கு, அந்தத் தள்ளல் ஏறத்தாழப் பதினான்கு கிலோ எடைக்குச் சமம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும், ஐம்பத்தாறு கிலோ. கடலில் காற்று கொஞ்சம் கூடினாலே கை பதறுவதற்குக் காரணம் இந்த வர்க்கக் கணக்கு.

ஆனால் அந்த விசை முழுவதும் முன்னோக்கி இழுப்பதில்லை, ஒரு பங்கு படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அப்படியானால் படகு ஏன் நண்டுபோல் பக்கவாட்டில் போகவில்லை? அண்ணை படகின் நடுவிலிருந்த பலகையை ஒரு நிமிடம் மேலே தூக்கிக் காட்டினார். உடனே நண்டாகிவிட்டோம், கரைப் புதரை நோக்கி வழுக்கினோம். பலகையை மறுபடி இறக்கியதும் படகு தன் கோட்டைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பலகை ஒரு கதவுப் பலகையில் பாதிகூட இல்லை. எட்டுச் சதுர மீற்றர் பாயை அது எப்படிச் சமாளிக்கிறது? தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. பாய் காற்றுக்குள் நிற்கும் இறக்கை, பலகை தண்ணீருக்குள் நிற்கும் இறக்கை. மேலே உள்ளது பெரிதாகவும் கீழே உள்ளது சிறிதாகவும் இருந்தால் இரண்டும் சமன்படும். காற்று ஒரு பக்கம் தள்ள, தண்ணீர் மறுபக்கம் தள்ள, இரண்டும் நேருக்கு நேர் இல்லாமல் கொஞ்சம் சரிந்திருப்பதால் மிஞ்சும் விசை படகை முன்னே கொண்டு போகிறது. காற்றோடு ஏறத்தாழ 45 பாகை சரிவில் எதிர்க்காற்றிலும் ஏறலாம், இடமும் வலமுமாக மாறி மாறி. ஆற்றில் அது கைக்கு வேலை. அகலம் போதாது, நிமிடத்துக்கொரு தடவை கரை வந்து நிற்கிறது, திரும்பும்போதெல்லாம் தலையைக் குனிந்து மறுபக்கம் மாறி உட்காரவேண்டும்.

மறுபக்கம் மாறி உட்கார்வதற்கும் கணக்கு உண்டு. பாய் படகைச் சரிக்கும், எங்கள் உடம்பின் எடை அதை நிமிர்த்தும். இந்த இடத்தில் நீர்கொழும்பின் பாய் ஓருவைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. குடைந்த மரத்தின்மேல் பலகைகளைக் கயிற்றால் தைத்த ஒடுங்கிய வள்ளம், பக்கத்தில் இரண்டு வளைந்த கைகளின் முனையில் மிதக்கும் ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கத்தில் இருக்கவேண்டும். பாய் சரிக்கப் பார்க்கும்போது கட்டையின் எடை பிடித்து வைக்கும். காற்று கூடினால் ஆட்கள் அந்தக் கைகளின்மேல் நடந்துபோய் நிற்பார்கள். ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று என்றே அதன் பலத்தை அளந்தார்கள். சரி, படகைத் திருப்பினால் கட்டை மறுபக்கம் போய்விடுமே? ஓரு திரும்புவதில்லை. அதற்கு இரண்டு முனையும் ஒன்றுபோல. சுக்கானை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றி, பாயையும் மாற்றி, பின்னே இருந்ததை முன்னாக்கிக்கொண்டு போய்விடும். முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, தப்ரபேன் என்று அன்று அழைக்கப்பட்ட இலங்கையைப் பற்றி எழுதும்போது, ஒடுங்கிய நீர்வழிகளில் திரும்ப வேண்டியிராதபடி இந்தத் தீவின் கப்பல்களுக்கு இருபுறமும் அணியம் உண்டு என்று குறித்திருக்கிறார். சமன்பாடு எதுவும் எழுதாமல், விசைகளைக் கையால் உணர்ந்து செய்த பொறியியல் அது. அதற்குரிய மரியாதையை எங்கள் பாடநூல்கள் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

"எங்கடை ஊரிலை கட்டின அன்னபூரணி அமெரிக்கா போனது, தெரியுமோ?" என்றார் அண்ணை. தெரியும். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல், ஒரு அமெரிக்கர் வாங்கி வேறு பெயரிட்ட பிறகு, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938இல் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தண்டயல்கள் என்று மதிப்போடு சொல்லப்பட்ட கப்பல் தலைவர்களின் ஊர் அது.

ஐந்தரை மணிக்குத் திரும்பினோம். கிழக்கே மலைப்பக்கம் மழைமுகில் கறுத்துக்கொண்டிருந்தது, இடி கேட்குமுன் கரைக்குப் போய்விடவேண்டும் என்பது அண்ணையின் கட்டாயம். கொஞ்சத் தூரத்தில் கடற்காற்று விழுந்துவிட்டது. தரைக்காற்று எழ இன்னும் பல மணிநேரம் இருந்தது. கரையில் ஒரு தென்னோலை அசையவில்லை, யாரோ குப்பை கொளுத்திய புகை நேரே மேலே போனது. பாய் சுருங்கித் தொங்கியது. நாங்கள் ஆற்றோடு மிதந்தோம். படகுக்குப் பக்கத்தில் ஓர் ஆகாயத்தாமரைத் திட்டு, அதன்மேல் ஒரு கொக்கு. நாங்களும் திட்டும் கொக்கும் சேர்ந்தே கடலை நோக்கிப் போனோம், எங்களுக்குள் இடைவெளி மாறவே இல்லை.

நான் துடுப்பை எடுக்கப் போனேன். அண்ணை தடுத்தார். "காத்து இல்லையெண்டு ஆர் சொன்னது? முகத்தைத் திருப்பிப் பார்."

இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும்வரை திரும்பினேன். மிக மெல்லிய காற்று, ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து, நேரே முகத்தில். கரையில் நிற்பவருக்கு இல்லாத காற்று. நாங்கள் மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகத்தில் அசையாத காற்றுக்குள் போய்க்கொண்டிருந்தோம், ஆகவே அது அதே வேகத்தில் எங்களை எதிர்த்து வந்தது. சைக்கிளில் போகும்போது முகத்தில் படும் காற்று இதே காற்றுத்தான்.

எதிர்க்காற்றில் இடமும் வலமுமாக ஏறலாம் என்று கொஞ்சம் முன்னர்தான் படித்திருந்தேன். பலகை இறங்கியிருந்தது. பாயை மெல்ல இழுத்து, படகைச் சரிவாகத் திருப்பினேன். சிவப்பு நூல்கள் ஒருதடவை தொங்கி, பிறகு சோம்பலாக எழுந்து நேரானது தெரிந்தது. கயிற்றில் இழுப்பு இருந்தும் இல்லாததுபோல. கணக்குப் போட்டால் முழுப்பாயிலும் நானூறு கிராம் எடையளவு விசைதான். கொக்கு மெதுவாகப் பின்னே போனது. இரண்டு தடவை திரும்பியபின் திட்டு எங்களுக்கு ஒரு படகு நீளம் பின்னால் இருந்தது.

காற்றே இல்லாத ஒரு மாலையில், பாயினால், ஆற்றைவிட வேகமாக ஆற்றில் போனோம். அன்றிரவு வெள்ளவத்தையில் இதைச் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. நம்பாததில் பிழையில்லை. காற்றுத்தான் படகுக்குச் சக்தி தருகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். காற்று மட்டும் தருவதில்லை, தண்ணீர் மட்டும் தருவதில்லை. காற்றுக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள வேக வித்தியாசம்தான் தருகிறது. கரை என்ன செய்கிறது என்பது படகுக்குத் தெரியாது, தெரியத் தேவையுமில்லை. கலிலியோ 1632இல் வெளியிட்ட நூலில், சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவர் கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று எந்தப் பரிசோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது என்று காட்டினார். களனி கங்கை எங்களுக்கு அந்தக் கப்பல். ஆற்றோடு மிதப்பவருக்கு ஆறு அசையாத குளம். அதன்மேல் கடலிலிருந்து மணிக்கு மூன்று கிலோமீற்றர் காற்று வீசுகிறது. குளத்தில் எதிர்க்காற்றில் ஏற முடியுமென்றால் இங்கேயும் முடியும். காற்று ஆற்றோடு அதே திசையில் அதே வேகத்தில் வீசினால்தான் கதை முடிந்தது. கரையில் நிற்பவருக்கு அது நல்ல தென்றல், படகுக்கு ஒரு துளி காற்றில்லை.

அறிவாளிகளும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். றிக் கவலாரோவின் குழு கட்டிய 'பிளாக்பேர்ட்' என்ற வண்டி, 2010 ஜூலையில் கலிபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரிப்படுகையில், காற்று போகும் அதே திசையில் காற்றைவிட 2.8 மடங்கு வேகத்தில் ஓடியது. எஞ்சின் கிடையாது. சக்கரங்கள் சுழலியைச் சுற்றும், சுழலி காற்றைத் தள்ளும், தரைக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்திலிருந்து சக்தி வரும். 2021இல்கூட, இது முடியாது என்று ஒரு பௌதிகவியல் பேராசிரியர் 10,000 டொலர் பந்தயம் கட்டித் தோற்றார்.

இந்த ஆற்றின் அடியில் இன்னொரு வித்தியாசமும் ஓடுகிறது. மழை குறைந்த மாதங்களில் கடல்நீர் முகத்துவாரத்தால் உள்ளே வருகிறது. உப்புநீர் நன்னீரைவிட இரண்டரை வீதம் அளவு கனமானது. ஆகவே அது அடியில் ஆப்புப்போல் நுழைந்து மேல்நோக்கி ஊர, நன்னீர் அதன்மேல் கடலுக்கு வழுக்கிப் போகிறது. ஒரே ஆற்றில் மேலும் கீழும் எதிர்எதிர்த் திசையில் இரண்டு ஓட்டம். கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான், பெரிய அலைக்கழிப்பு இல்லாததால் இரண்டும் எளிதில் கலப்பதுமில்லை. மணல் அகழ்ந்து ஆற்றின் அடித்தளம் தாழ்ந்துபோனதால் உப்பு இன்னும் உள்ளே போகத் தொடங்கியது. நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளையில் உப்பைத் தடுக்க அணை கட்ட வேண்டி வந்தது. வெள்ளவத்தையில் குழாயைத் திறக்கும் எங்களுக்கும் அந்த ஆப்புக்கும் இடையே நிற்பது அந்த அணை.

கரைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பாயை இறக்கிச் சுருட்டினோம். அணியத்திலிருந்து நீளமான கயிறொன்றைக் கரையிலிருந்த கட்டையில் கட்டிவிட்டு அண்ணை இறங்கினார். நான் இறங்கப் போனேன்.

"பொறு. சுக்கானை ஒருக்கா ஒரு பக்கம் தள்ளிப் பார்."

தள்ளினேன். கட்டிக் கிடந்த படகு, பாயும் இல்லை துடுப்பும் இல்லை, கரையை விட்டு மெல்ல நடு ஆற்றை நோக்கிப் புறப்பட்டது. கயிறு இறுகியது. தண்ணீர் பலகையில் மோதி அடியில் முணுமுணுத்தது. காற்றின் வேலையைக் கயிறு எடுத்துக்கொண்டுவிட்டது: அசையாத கரை ஒரு பக்கம், ஓடும் ஆறு மறுபக்கம். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ரைன் நதியைக் கடக்கும் நான்கு துறைப்படகுகள் இன்றும் இப்படித்தான், ஆற்றுக்கு மேலே கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு, எஞ்சின் இல்லாமல் ஆட்களை ஏற்றி இறக்குகின்றன.

கயிறு விட்ட தூரம்வரை போனேன். மட்டக்குளிப் பாலத்தில் விளக்குகள் எரிந்தன. சுக்கானை மறுபக்கம் தள்ளினேன், ஆறு படகைக் கொண்டுவந்து அண்ணையின் காலடியில் விட்டது.